பொட்டு வைத்த பூட்டு

பிரபு,

நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். உடம்புக்கு முடியாதவன், அம்மா பெயரைப் பார்த்த மாத்திரத்தில் அத்தனை சுறுசுறுப்பாகப் போனை அணைக்க மாட்டான். போனில் பேசினால் பாதியில் நிறுத்துகிறாய். பஸ் பிடித்துக் கடலூர் முதுநகர் வந்து உன் ரூம் வாசலில் நின்றால், நீ ஷிப்டுக்குப் போய்விட்டதாக உன் கூட்டாளி சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்கிறான். அந்தப் பிள்ளைக்குப் பொய் சொல்லக்கூடத் தெரியவில்லை, அவனை ஏன் கஷ்டப்படுத்துகிறாய்? ஆகவே எழுதுகிறேன். கிழித்துப் போடுவதென்றாலும் முதலில் பிரித்தாக வேண்டும். ஆயுளெல்லாம் பள்ளிப் பிள்ளைகளின் கோழிக்கிறுக்கலைப் படித்துத் திருத்தியவள் நான், என் கையெழுத்து புரியவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே.

தை மாதம் உனக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு முன்னால் பெற்றவள் பிள்ளைக்கு எழுதுவதென்றால் எழுத எவ்வளவோ இருக்கிறது. ஈரத் துண்டைக் கட்டிலில் போடாதே, சாப்பிட்ட தட்டை நீயே எடுத்து வை, வித்யா பேசும்போது டிவியைப் பார்க்காதே, சம்பளத்தைப் பற்றி அவளிடம் மறைத்துப் பேசாதே. இதெல்லாம் மனசுக்குள் கோத்து வைத்திருந்தேன். நல்ல அம்மாவாக, நிதானமாக, கொஞ்சம் கண்ணீரோடுகூட எழுதலாம் என்று ஆசைப்பட்டேன். நீ அதற்கு வழி வைக்கவில்லை. நான் ஒரு பூட்டைப் பற்றி எழுத வேண்டியதாயிருக்கிறது.

ஆயுத பூஜை அன்றைக்குச் சாயங்காலம் நீதான் போன் செய்தாய். தொழிற்சாலையில் பூஜை நன்றாக நடந்தது, ஆனால் கடைசியில் ஒரு சின்ன சங்கடம் என்றாய். காண்ட்ராக்ட் ஆள் ஒருவன், அந்தோணி என்று பெயர், குடிகாடு கிராமத்துக்காரன், யாரிடமும் சொல்லாமல் கலவை மெஷினுக்குள் கையை விட்டுக் கழுவிக்கொண்டிருந்தானாம், மெஷின் ஓடியதும் கை முறிந்துவிட்டதாம். கடலூரில் கட்டுப் போட்டு, ஆபரேஷனுக்காகச் சிதம்பரத்துக்கே அனுப்பியிருக்கிறார்கள் என்றும், நான் இங்கேதானே இருக்கிறேன், கொஞ்சம் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வர முடியுமா என்றும் கேட்டாய். என் பிள்ளைக்கு எவ்வளவு இரக்கம் என்று அன்றைக்கு நான் பூரித்துப் போனேன். பக்கத்து வீட்டில்கூடச் சொன்னேன். இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மூன்றாம் நாள் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். அந்தோணி வலது கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். உன்னைவிடப் பத்து வயது கூட இருக்கும், ஆகவே அவன் இவன் என்று எனக்கு வரவில்லை. பழத்தை வைத்தேன். யார் என்று கேட்டார். உன் அம்மா என்றேன். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே, “ஒங்க புள்ள வரலியா?” என்றார். வேலை ஜாஸ்தி என்று உனக்காக நான் வக்காலத்து வாங்கினேன். “எனக்குப் பழம்லாம் வேணாம்மா. நான் பூட்டு போட்டேன்னு ஒரே ஒருத்தர் சொன்னாப் போதும்” என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மருந்து மயக்கத்தில் பேசுகிறாரோ என்றுகூட நினைத்தேன்.

அவர் மனைவி ஸ்டெல்லா என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கோபமாகப் பேசவில்லை, ஆனால் பேச்சில் மரியாதைக்குக் குறைவாக ஒரு வார்த்தை வந்துவிடுமோ என்று அவளே பயந்து பயந்து பேசினாள். கம்பெனியில் முதல் விசாரணை முடிந்துவிட்டதாம். பூட்டுப் போடாமல் வேலை செய்தது அவர் தப்பு என்று பேச்சாம். அது முடிவானால் காண்ட்ராக்டர் வைத்தியச் செலவைப் பார்க்க மாட்டார், கை தேறினாலும் உள்ளே சேர்க்க மாட்டார்கள். பிறகு முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்துக் காட்டினாள். சின்னப் பித்தளைச் சாவி. “இது இவரு சட்டப் பாக்கெட்டுல இருந்துச்சுங்க. சாவி இவருகிட்ட இருக்கு. அப்பறம் பூட்ட யாரு தொறந்தாங்க?” என்று கேட்டாள். அவரைத் தூக்கிக்கொண்டு போகும்போது பூஜை மேஜையைக் கடந்துதான் போனார்களாம். ஸ்பேனர், சுத்தியல் எல்லாவற்றோடும் தன்னுடைய பூட்டு சந்தனம் குங்குமம் வைத்து உட்கார்ந்திருந்ததை அந்த வலியிலும் பார்த்தாராம். நீலப் பெயின்டால் அதில் அவர் ஒரு சிலுவை போட்டு வைத்திருப்பாராம், ஆகவே தப்பாகப் பார்க்க வழியில்லை.

வீட்டுக்கு வந்து உனக்குப் போன் போட்டேன். பூட்டை யார் எடுத்தது என்று கேட்டேன். அப்புறம் நீ சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. “பூஜைக்குத்தானேம்மா எடுத்தேன்.” அவ்வளவுதான், கட்.

பூஜைக்குத்தான் எடுத்தாய், எனக்குத் தெரியாதா? நீ கெட்டவன் இல்லை, அதுதான் என் வயிற்றெரிச்சலே. கெட்டவன் செய்திருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம். எல்லாம் லட்சணமாக இருக்க வேண்டும் என்று பார்க்கிறவன் நீ. கொலுவில் ஒரு பொம்மை சாய்ந்திருந்தாலும் உனக்குச் சாப்பாடு இறங்காது. மெயின்டனன்ஸ் ஆட்கள் எல்லோருடைய பூட்டும் மேஜையில் வரிசையாக இருக்க வேண்டும், ஒன்றுகூடக் குறையக் கூடாது என்று நீதான் சொல்லியிருப்பாய். சுவிட்ச் ரூமில் கலவை மெஷினின் மின்சாரத்தை நிறுத்தும் கைப்பிடியில் ஒரு பூட்டு மிச்சம் தொங்குகிறது என்று யாரோ வந்து சொல்லியிருப்பார்கள், அந்தோணியின் சாவி அவரிடமே இருக்க, உன் டிராயரில் அவசரத்துக்கென்று வைத்திருக்கும் மாற்றுச் சாவியை எடுத்துப் போய்த் திறந்து கொண்டுவந்துவிட்டாய். பொட்டு வைத்தாய். மேனேஜர் வந்தார், கற்பூரம் காட்டினார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள். ராகு காலம் பிறப்பதற்குள் எல்லா மெஷினையும் ஒரு சுற்று ஓட்டிவிட வேண்டும் என்று ஆளாளுக்கு ஓடினார்கள். ஸ்பீக்கரில் பக்திப் பாட்டு. உள்ளே ஒருவர் கத்தினால் யாருக்குக் கேட்கும்?

அந்த மெஷினைப் பூஜைக்குள் பளிச்சென்று கழுவி முடித்துவிடு என்று காலையில் அந்தோணியிடம் சொன்னதும் நீதான். இதை ஸ்டெல்லா சொல்லவில்லை, நீயே அன்றைக்குப் போனில் உளறியிருக்கிறாய், எனக்குத்தான் அப்போது உறைக்கவில்லை. அவர் அடிக்கதவைத் திறந்து, ஒட்டிக்கொண்டிருந்த சாயப் பொடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். உள்ளே கலக்குகிற இரும்பு இலை சுழன்றதும் சுரண்டி அதில் மாட்டிக் கையை முறுக்கியிருக்கிறது. முன்கை எலும்பு இரண்டும் உடைந்தன. சுரண்டி இல்லாமல் கையையே விட்டிருந்தால் தோளோடு போயிருக்கும். ஏதோ கையோடு போயிற்று என்று நீ அன்றைக்குச் சொன்னாய். அப்படிச் சொல்லும் உரிமை அவருக்கும் ஸ்டெல்லாவுக்கும்தான் உண்டு. நீ சொல்லக் கூடாது.

‘அவன் ஏன் சொல்லாமல் கையை விட்டான்’ என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாயே, அதைக் கேட்கும்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் சொல்லித்தான் கையை விட்டார். அந்தப் பூட்டுதான் அவர் சொன்ன சொல். நான் உள்ளே இருக்கிறேன், நான் வெளியே வந்து என் கையால் திறக்கிற வரைக்கும் யாரும் இதைத் தொடாதே என்பதைத் தவிர அந்தப் பூட்டுக்கு வேறென்ன அர்த்தம்? ஆளாளுக்குத் தனிப் பூட்டு, தனிச் சாவி என்று எதற்குக் கொடுத்து வைத்திருக்கிறார்கள்? ஒரு மனுஷன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கும்போது அவன் வாய்க்குச் சந்தனம் பூசி மூடிவிட்டு, ஏன்டா சொல்லவில்லை என்று கேட்பாயா?

இந்த விவரமெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்காதே. நீ சொல்லித்தான் தெரியும். வேலைக்குச் சேர்ந்த வருஷம் தீபாவளிக்கு வந்தபோது, மஞ்சள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்று எனக்கும் அப்பாவுக்கும் வகுப்பு எடுத்தாயே, மறந்துவிட்டாயா? ரிப்பேர் என்றால் மெஷினை நிறுத்தினால் மட்டும் போதாது, மின்சாரம் வருகிற இடத்திலேயே துண்டித்துப் பூட்ட வேண்டும், பூட்டியபின் பட்டனை அழுத்தி ஓடவில்லை என்று பார்க்க வேண்டும் என்றாய். அதுவும் போதாதாம். என் குக்கரைக் காட்டி, அடுப்பை அணைத்தாலும் உள்ளே ஆவி இருக்கிறது பார், அது போல நின்றுபோன மெஷினிலும் குழாயில் அழுத்தம் இருக்கும், தூக்கி நிறுத்திய பாரம் இறங்கப் பார்க்கும், ஸ்பிரிங்கு விறைத்துக்கொண்டு நிற்கும், எல்லாவற்றையும் அடக்கிய பிறகுதான் கை வைக்க வேண்டும் என்றாய். மாற்றுச் சாவி எதற்கு என்றும் நீதான் சொன்னாய். பூட்டின ஆளைத் தேடிப் பிடித்து, அவன் வெளியே நிற்பதைக் கண்ணால் பார்த்து, மெஷினையும் போய்ப் பார்த்து, அதற்கப்புறம்தான் அந்தச் சாவியைத் தொட வேண்டும். விசில் அடங்காத குக்கரை நான் கரண்டியால் நெம்பியபோது அத்தனை கோபப்பட்டாய். எனக்கு வகுப்பு எடுத்த வாய்க்கு அன்றைக்கு என்ன ஆயிற்று? பூஜை நாள், யார் வேலை செய்யப் போகிறார்கள் என்று நினைத்தேன் என்பாய். பூட்டுத் தொங்குகிறது. அதைப் பார்த்த பிறகும் நினைப்பதற்கு என்ன இருக்கிறது? பத்தடி தள்ளிப் போய் எட்டிப் பார்த்திருந்தால் அவர் காலாவது தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்கிறேன். நீ மூன்றாவது படிக்கும்போது நம் வீட்டில் ஒரே ஒரு பிளக் பாயின்ட்தான் இருந்தது, கிரைண்டருக்கும் டிவிக்கும் அதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கல்லுக்கு அடியில் கை விட்டு மாவு வழித்துக்கொண்டிருந்தேன். பிளக் தானாகக் கழன்று கிடக்கிறது, பாவம் அம்மா பார்க்கவில்லை என்று நினைத்து, உதவி செய்கிற எண்ணத்தில் நீ அதைச் சொருகிவிட்டாய். என் விரல் நகம் ஒன்று போயிற்று. உன்னை நான் அடிக்கவில்லை, நீ அழுத அழுகையில் என் வலியே எனக்கு மறந்துபோனது. அதற்கப்புறம் நான் மாவு வழிக்க உட்கார்ந்தால் போதும், எங்கிருந்தாலும் ஓடி வந்து பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு என் எதிரில் உட்காருவாய். அப்பா கேட்டாலும் கொடுக்க மாட்டாய். அம்மா கையக் கழுவட்டும் என்பாய். எனக்கு அந்தப் பையனை ரொம்பப் பிடிக்கும், பிரபு. அவனை நம்பித்தான் உன்னைத் தொழிற்சாலை வேலைக்கு அனுப்பினேன்.

அன்றைக்குச் செய்தது அவசரத்தில் வந்த தப்பு. அதற்காக உன்னை நான் கொன்று போட்டுவிட மாட்டேன். நாக்கில் சனி, கையில் அவசரம், எல்லோருக்கும் உண்டு. ஆனால் விசாரணையில் உன்னைக் கேட்டபோது, பூட்டு இருந்ததா என்று தெரியாது, நான் கவனிக்கவில்லை என்று சொன்னாயாமே. அது அவசரத்தில் வந்ததா? நாற்காலியில் உட்கார்ந்து, டீ குடித்து, யோசித்துச் சொன்னதுதானே? முதலில் செய்ததாவது கையைத்தான் முறித்தது. இது அவர் பிழைப்பையே முறிக்கப் போகிறது. பேசுவதற்கு வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தாய்?

உன் அப்பாவைக் கேட்டால் அவர் உன் கட்சி. “இப்ப போயி வாயத் தொறந்தான்னா வேல போயிடும்டி. கல்யாணம் முடியட்டும், அந்தாளுக்கு நாம ஏதாவது செஞ்சுடலாம்” என்கிறார். என்ன செய்வாராம்? கையில் பணத்தைக் கொடுத்து, நீ பூட்டுப் போடாதவன்தான் என்று ஒப்புக்கொள்ளச் சொல்வாராம். சோற்றைப் பிசைந்துகொண்டே இதைச் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ரசத்தை ஊற்றாமலே எழுந்து வந்துவிட்டேன். இரண்டு நாளாக இந்த வீட்டில் பேச்சு வார்த்தை கிடையாது. உன்னால் வந்த புண்ணியம்.

வேலை போய்விடுமோ என்று உனக்குப் பயம். எனக்கும் பயம்தான், இல்லை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறவள். பர்மனென்ட் வேலை என்று பார்த்துத்தான் ஸ்ரீமுஷ்ணத்தில் பெண் கொடுக்க முன்வந்தார்கள். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. இந்தத் தடவை நீ தப்பித்துவிட்டால், அந்தச் சாவி உன் டிராயரிலேயே இருக்கும். அடுத்த தடவை யாரோ அவசரப்படுத்துவார்கள், மேனேஜரோ, மந்திரியோ, வேறொரு நல்ல நேரமோ, நீயும் திறப்பாய். அங்கே வேலை செய்கிறவர்களுக்கும் தெரிந்துபோகும், பூட்டினாலும் சார் திறப்பார், கேட்டால் நாம்தான் பூட்டவில்லை என்பார் என்று. அப்புறம் எவன் மெனக்கெட்டுப் பூட்டுப் போடுவான்? அங்கே இருக்கிற அத்தனை பூட்டும் பூஜைக்கு வைக்க மட்டும்தான் ஆகும்.

அடுத்த விசாரணை திங்கட்கிழமை என்று ஸ்டெல்லா சொன்னாள். நீ போய், பூட்டு இருந்தது, நான்தான் மாற்றுச் சாவி போட்டு எடுத்தேன், ஆளைத் தேடவில்லை என்று சொல்ல வேண்டும். வேறு விளக்கம் எதுவும் வேண்டாம். பூஜைக்குத்தான் எடுத்தேன் என்று இழுக்காதே. சொல்லிவிட்டுச் சிதம்பரத்துக்கு வந்து அந்தோணியைப் பார். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், திட்டினாலும் திட்டுவார், வாங்கிக்கொள். பழம் கொண்டுவராதே.

இனி எழுதப்போவதைப் படித்தால் உனக்குக் கோபம் வரும். வரட்டும். நேற்று நான் ஸ்ரீமுஷ்ணம் போயிருந்தேன். உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. வித்யா வீட்டில் காப்பி கொடுத்தார்கள், குடித்துவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பெண்ணைக் கொடுக்கிறவர்கள் தெரிந்துகொண்டு கொடுக்கட்டும், நாளைக்கு வேலை போனபின் ஏமாற்றிவிட்டோம் என்று பேச்சு வரக் கூடாது. அவள் அப்பா, மெஷின் வேலைன்னா இப்பிடித்தாங்க, முன்ன பின்ன இருக்கும் என்று ஏதோ சமாதானம் சொல்லிவிட்டுக் கொல்லைப்புறம் போய்விட்டார். வித்யாதான் என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தாள்.

கோயில் மதில் ஓரமாக நடந்து வரும்போது, நீ அந்தோணியைப் போய்ப் பார்த்தாயா என்று கேட்டாள். இல்லை என்றேன். கம்பெனியில் சொல்லிவிட்டாயா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். சொன்னால் வேலை போய்விடுமா என்று கேட்டாள். போனாலும் போகும் என்றேன். பஸ் வந்து நின்றதும் என் பையை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: “வேல போனா வேற வேல தேடிக்கலாம் அத்த. இத மறச்சுட்டாருன்னா, நாளைக்கி அவரு எங்கிட்ட எதச் சொன்னாலும் நான் எப்பிடி நம்பறது? பத்திரிக அடிக்கறத திங்கக்கெழம வரைக்கும் நிறுத்தி வைங்க.” அழவில்லை, குரலும் உயரவில்லை. பஸ் கிளம்பும் வரை நின்றுவிட்டுத்தான் போனாள்.

இன்றைக்குக் காலையில் அச்சகத்துக்காரர் போன் செய்தார். புரூப் அனுப்பி மூன்று நாளாகிறது, ஓட்டிவிடலாமா என்றார். வேண்டாம், நான் சொல்கிற வரைக்கும் நிறுத்தி வையுங்கள் என்றேன். ஏம்மா, பேருல எதாவது தப்பா என்று கேட்டார். பெயரில் தப்பு ஒன்றும் இல்லை, மாப்பிள்ளை இன்னும் வாயைத் திறக்கவில்லை என்றேன்.

அம்மா